குடிக்காமல் வைத்த காபி

லீட்ஸ், 9 பிப்ரவரி 1998

அன்புள்ள ஒடெத் அக்காவுக்கு,

கடவுள் கருணையால் நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மானில் இந்த வருடம் பனி விழுந்ததாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். உங்கள் முழங்கால்கள் எப்படி இருக்கின்றன? எனக்குப் படி ஏறினால் மூச்சு நின்று நின்று வருகிறது. மற்றபடி குறையில்லை.

என் ஜிரியேஸ் இறந்தபோது நீங்கள் எழுதிய நாலு வரிக்கு நான் இரண்டு வருடமாக நன்றி எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நன்றி.

நபீலுக்கும் ஜில்லுக்கும் மூன்றாவது குழந்தை வரப்போகிறது. என் அறை தேவைப்படுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு முதியோர் இல்லத்தைக் காட்டினான். "சும்மா பாருங்கம்மா, புடிக்கலன்னா வேணாம்" என்றான். அவன் கையெழுத்துப் போட்ட படிவம் ஏற்கெனவே அவர்கள் மேசைமேல் இருந்தது. உள்ளே நுழைந்ததும் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம். பாலை முதலிலேயே கலந்துவிட்ட வெதுவெதுப்பான டீ. கூடத்தில் ஒரு கிழவர் முகவாயில் கஞ்சி ஒழுக உட்கார்ந்திருந்தார்; பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி அவரை "டார்லிங்" என்று கூப்பிட்டு அதை விரலால் வழித்துவிட்டாள். செப்டம்பர் முதல் தேதி அங்கே ஒரு கட்டில் காலியாகுமாம். காலியாகும் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

அங்கே போய்ச் சாக மாட்டேன். ஊருக்குத் திரும்பிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன். என் நுரையீரல் கோளாறால், நான் பறக்கலாம் என்று டாக்டர் எழுதித் தந்தால்தான் விமானத்தில் ஏற்றுவார்களாம். கிளினிக்குக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தேன், பதில் இல்லை. நகல் இதோடு வைத்திருக்கிறேன். மடத்துப் பள்ளியில் ஆங்கிலத்தில் எப்போதும் நீங்கள்தான் முதல். என்ன தவறு என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அங்கே வந்து எங்கே தங்குவது என்பதை அப்புறம் எழுதுகிறேன்.

உங்கள் கையை முத்தமிட்டு,
மார்செல்

*

ஜபல் லுவைப்தே, அம்மான், 27 பிப்ரவரி 1998

மார்செலுக்கு,

உடம்பு இருக்கிறது. முழங்கால் என்னைவிட்டுப் போகவில்லை, போகவும் போகாது. உன் மூச்சுக்கு இரவில் சோம்பு கொதிக்கவைத்துக் குடி. ஆங்கிலேயர்களுக்கு அதெல்லாம் தெரியாது.

நீ அனுப்பிய நகலைப் படித்தேன். படித்துவிட்டுக் கை கழுவினேன். நீ எழுதியிருப்பதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், கேள்: "டாக்டர், கடவுள் உன் கைகளைக் காக்கட்டும், உன் பிள்ளைகளை வாழவைக்கட்டும். நான் விதவை. எனக்கு நெஞ்சுவலி இல்லை, மூச்சு மட்டும். என் மகன் நல்லவன், ஆனால் வீடு சிறியது. நான் விமானத்தில் போக வேண்டும். பேப்பர் எழுதிக் கொடு, ப்ளீஸ். நான் உனக்கு அக்கா மாதிரி."

இது விண்ணப்பமா? கசாப்புக் கடையில் ஈரல் கேட்கிறவள்கூட இதைவிட மரியாதையாகக் கேட்பாள். பிச்சைக்காரி மாதிரி தொடங்கி, போலீஸ்காரன் மாதிரி உத்தரவு போட்டு, கடைசியில் ஒரு "ப்ளீஸ்" வைத்திருக்கிறாய், கெட்டுப்போன மீனுக்கு மேலே எலுமிச்சைத் துண்டு வைப்பதைப்போல. மடத்தில் ஆங்கிலம் எடுத்த ஸிஸ்டர் பெர்னதெத் இதைப் படித்திருந்தால் இன்னொரு முறை செத்திருப்பார்.

எனக்கு ஏன் "நீங்கள்" போட்டு எழுதுகிறாய்? நான் என்ன பிஷப்பா?

இங்கே புதிதாக ஒன்றும் இல்லை. மேல் மாடியில் குடியிருந்த பல் டாக்டர் நவம்பரில் காலி செய்துவிட்டுப் போனான். சுவரெல்லாம் ஆணி. இப்போது புறாக்கள் குடியிருக்கின்றன. எச்சம் ஒரு விரல் உயரம். நாற்றம் படியிறங்கி என் சமையலறைவரை வருகிறது. பக்கத்து வீட்டு ஸ்லேமானின் அம்மா, உம் ஸ்லேமான், நேற்று மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "மேல யாரயாச்சும் வைங்க மதாம். ஆளில்லாத வீடு அழுகிப்போவும்" என்றாள். "அழுகட்டும்" என்றேன்.

நலமாக இரு.
ஒடெத்

*

லீட்ஸ், 15 மார்ச் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நோன்புக் காலம் உங்களைச் சோர்வாக்காமல் இருக்கட்டும். சோம்பு குடித்தேன். கொஞ்சம் பரவாயில்லை.

உங்கள் திட்டுக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் நடக்கிற ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். நாங்கள் ஒன்பது பேர், எல்லாரும் நம் அரபி மொழிக்காரர்கள். பேப்பர் கோப்பையில் டீ தருகிறார்கள், கோப்பையே ஊறிக் கரைகிறது. டீச்சர் ஹார்ட்லி அம்மாள் நல்லவர். ஆனால் தினமும் ஒரே கம்பளிச் சட்டை, அதில் நாய் முடி.

போன வாரம் பாடம் இது: பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவை அலறவிடுகிறார், சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எப்படிக் கேட்பது? பஸ்ராவிலிருந்து வந்த உம் ஸியாத் எழுந்து, "ரேடியோவ அணை, ப்ளீஸ்" என்றாள்.

டீச்சர் முகம் சுருங்கியது. "அப்படி நேரா கேட்டா அவங்களுக்குச் சங்கடமா இருக்கும். 'உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, ஒருவேளை முடியுமான்னு யோசிச்சிட்டிருந்தேன்'னு ஆரம்பிங்க."

"நான் எங்க யோசிச்சேன்? ரேடியோ கத்துது, கேக்கறேன். ஏன் பொய் சொல்லணும்?"

"சரி, உங்க ஊர்ல எப்படிக் கேப்பீங்க?"

"மொதல்ல ரொட்டி சுட்டு எடுத்துட்டுப் போவேன். அவங்கம்மா எப்படி இருக்காங்கன்னு கேப்பேன். புள்ளைங்கள வாழ்த்துவேன். அப்புறம், 'என் கண்ணே, ரேடியோவ அணை'ம்பேன்."

"கடைசியில அதே உத்தரவுதானே!"

"அதான் ரொட்டி குடுத்தாச்சே!"

இரும்பாலையில் முப்பது வருடம் வேலை பார்த்த யேமன்காரர் காயித் மூலையிலிருந்து கேட்டார்: "ரொட்டியத் தின்னுட்டு அவன் அணைக்கலன்னா?"

"ரேடியோவ உடைப்பேன்" என்றாள் உம் ஸியாத்.

எல்லாரும் சிரித்தார்கள். ஹார்ட்லி அம்மாள் சிரிக்காமல் கரும்பலகையில், "காரணத்தைச் சுருக்கவும். கடவுளைச் சேர்க்க வேண்டாம்" என்று எழுதினார்.

அக்கா, எனக்கு இந்த வயதில் இது வராது. அந்தக் கடிதத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள். அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறேன்.

மேல் மாடியில் மேற்கு ஜன்னலின் மரக் கதவு அப்போதே உடைந்திருந்தது. புறாக்கள் அந்த வழியாகத்தான் வருகின்றனவா?

உங்கள் மார்செல்

*

அம்மான், 2 ஏப்ரல் 1998

மார்செலுக்கு,

நலம். நோன்புக்கு எண்ணெயில் வதக்கிய கீரையும் பருப்பும். ருசி என்று ஒன்று இருந்ததே மறந்துவிட்டது. உன் மூச்சு எப்படி?

கடிதம் இதோடு இருக்கிறது. மூன்று நாள் எடுத்துக்கொண்டேன். முதல் பத்தியில் அந்தக் கிளினிக்கின் புகழ். இரண்டாவதில் டாக்டரின் பொறுமையும் திறமையும். மூன்றாவதில் உன் நன்றி. நாலாவதில், எதிர்காலத்தில் என்றேனும் உனக்குப் பயணம் போகும் எண்ணம் அமையுமானால், அவருடைய மேலான கருத்தை அறியும் பேறு உனக்குக் கிட்டினால் அதைவிடப் பெரிய மகிழ்ச்சி இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறேன். "வேண்டும்" என்பது எங்குமே இல்லை. கேட்கிறோம் என்பதே தெரியாமல் கேட்பதுதான் நாங்கள் கற்ற ஆங்கிலம். உன் ஹார்ட்லி அம்மாளிடம் காட்டு. நாய் முடியைத் தட்டிவிட்டுப் படிக்கச் சொல்.

மேற்கு ஜன்னல் உடைந்தேதான் இருக்கிறது. அதை நீ ஏன் கேட்கிறாய் என்று தெரியவில்லை.

ஒடெத்

*

லீட்ஸ், 10 மே 1998

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். பண்டிகை வாழ்த்து தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். உங்கள் முழங்கால் வெயிலில் கொஞ்சம் இளகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடிதத்தைக் கொடுத்து நாலு வாரம் காத்திருந்தேன். பதில் இல்லை. வியாழக்கிழமை நேரில் போனேன். வரவேற்பு மேசைப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். "எவ்ளோ அழகான லெட்டர்! டாக்டர் அழுதுட்டாரு, தெரியுமா!" என்றாள். சுவரைக் காட்டினாள். குழந்தை பிறந்த வீடுகளிலிருந்து வந்த வாழ்த்து அட்டைகள், பூனைப் படம் போட்ட நன்றி அட்டைகள், நடுவில் உங்கள் கடிதம், நாலு மூலையிலும் மஞ்சள் ஊசி குத்தி.

"பேப்பர்?" என்றேன்.

"எந்தப் பேப்பர்?" என்றாள்.

அதில் ஒரு வேண்டுகோள் இருப்பதே அவர்களுக்குத் தெரியவில்லை, அக்கா. நன்றிக் கடிதம் என்று நினைத்துவிட்டார்கள்.

ஹார்ட்லி அம்மாளும் படித்துப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கு. எதுக்கு எழுதினீங்க?" என்று கேட்டார்.

என் பெட்டியை ஜில் கீழே இறக்கி வைத்துவிட்டாள். இடத்துக்காகத்தான், வேறொன்றுமில்லை என்றாள்.

மார்செல்

*

அம்மான், 24 மே 1998

மார்செலுக்கு,

என் உடம்பைப் பற்றிக் கேட்காதே. உன் கடிதம் வந்த அன்று ரத்த அழுத்தம் ஏறி, உம் ஸ்லேமான் எனக்குத் தயிரில் பூண்டு இடித்துக் கொடுத்தாள். வீடு முழுக்க அந்த நாற்றம்தான், மேலே புறா, கீழே பூண்டு.

பூனைப் படத்துக்குப் பக்கத்தில்! ஸிஸ்டர் பெர்னதெத் எங்களுக்குச் சொல்லித்தந்த ஆங்கிலத்தை ஒரு பூனைக்குப் பக்கத்தில் ஊசி குத்தி வைத்திருக்கிறார்கள். அந்த மொழியைப் பெற்றவர்களே அதை மறந்துவிட்டார்கள். நான் என்ன செய்ய முடியும்? அருவருப்பாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை உடனே கழற்றி வாங்கு.

அந்தச் சான்றிதழைப் பெறுவது உன் பாடு. வந்தால் எந்த ஓட்டலில் தங்கப்போகிறாய் என்றாவது எழுது. நல்ல ஓட்டல் எதுவும் இங்கே இல்லை. எல்லாவற்றிலும் கம்பளம் போட்டு அதில் ஷூவோடு நடக்கிறார்கள்.

ஒடெத்

*

லீட்ஸ், 20 ஜூன் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? பூண்டை நிறுத்திவிட்டீர்களா?

சான்றிதழ் கிடைத்துவிட்டது. உம் ஸியாத் வாங்கிக் கொடுத்தாள். பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட பிஸ்கட் ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். டாக்டர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தாள். உள்ளே ஒருவர் சட்டையைக் கழற்றி நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் இரண்டு பிஸ்கட் கொடுத்தாள். டாக்டரின் அம்மாவை விசாரித்தாள். அந்த அம்மாள் போன மாதம் இறந்துவிட்டார்களாம். உட்கார்ந்து அழுதாள், நிஜமாகவே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நீ எனக்குத் தம்பி. இவ எனக்கு அக்கா. இவ வீட்டுக்குப் போவணும். பேப்பர் எழுது."

அவர் இரண்டு நிமிடத்தில் எழுதிவிட்டார். வெட்கமாக இருந்தது. ஆனால் பேப்பர் என் கையில் இருக்கிறது. ஆகஸ்ட் 31 வரைதான் செல்லும். அதற்குப் பிறகு அந்தக் கட்டில்.

ஓட்டல் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஓட்டல் இல்லை. எங்கே தங்குவது என்று நான் எழுதாததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். நான் ஒரு முறை கேட்டாயிற்று. பதினோரு வருடம் ஆகிறது. அம்மா வீட்டை உங்கள் பெயருக்கு எழுதிவைத்தார், அதில் எனக்குச் சண்டையில்லை. மேல் மாடியில் நாங்கள் குடியிருந்துகொள்ளலாமா என்று கேட்க, முறைப்படி பெரியவர்களை ஜாஹாவாகத் தூது அனுப்பினோம். பாதிரியார், அபூ ஈசா மாமா, ஜிரியேஸ், மொத்தம் பதினாலு பெரிய மனிதர்கள் கோட்டு போட்டுக்கொண்டு உங்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மாமா தன் காபியைத் தொடாமல் முன்னால் வைத்துவிட்டு, "நாங்க வந்த காரியம் நடந்தாத்தான் குடிப்போம்" என்றார். வீட்டுக்காரர் "குடிங்க, வந்த காரியம் முடிஞ்சுது" என்று சொல்ல வேண்டியதுதான். தவ்ஃபீக் அத்தான் வாயைத் திறந்தாராம். அதற்குள் நீங்கள் உள்ளேயிருந்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல், நிறைந்த கோப்பைகளைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டீர்கள். தொட்டியில் ஊற்றிய சத்தம் கூடம்வரை கேட்டதாம். அன்று வீட்டுக்கு வந்த ஜிரியேஸ் அந்தக் கோட்டை மறுபடி போடவே இல்லை. மூன்றாவது மாதம் இங்கே வந்துவிட்டோம்.

இனி நான் யாரையும் அனுப்ப மாட்டேன். அனுப்ப ஆளும் இல்லை.

மார்செல்

*

அம்மான், 5 ஜூலை 1998

மார்செலுக்கு,

நலம். வெயில் கொல்கிறது. உன் மூச்சைக் கவனித்துக்கொள்.

உன் பஸ்ராக்காரியைப் பற்றிப் படித்து முகம் சுளித்தேன். கதவைத் தட்டாமல்! சட்டையில்லாதவருக்குப் பிஸ்கட்! இருந்தாலும் பேப்பர் கிடைத்தது. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த நாளைப் பற்றி நீ எழுதியதால் நானும் எழுதுகிறேன், ஒரே ஒரு முறை. முதல் நாள் செவ்வாய்க்கிழமை. நீ என் சமையலறையில் உட்கார்ந்து என்னோடு கூசாச் சுரைக்காய் தயார் செய்தாய். நாற்பது கூசா. நான் குடைய, நீ அரிசி அடைத்தாய். மூன்று மணிநேரம். மேல் மாடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாய். மறுநாள் பதினாலு ஆண்கள் வருகிறார்கள், கொலைக்குச் சமாதானம் பேச வருகிறவர்களைப்போல. சிகரெட் சாம்பலை என் வெள்ளைத் தட்டில் தட்டினார்கள். பாதிரியார் தொண்டையைக் கனைத்துக் கைக்குட்டையில் துப்பினார். நான் யார், உன் எதிரியா? உன் கூடப்பிறந்தவளிடம் கேட்க உனக்குப் பதினாலு மீசை வேண்டியிருந்ததா? அதுதான் எனக்குக் குமட்டியது. காபி இல்லை.

அது உனக்கு மரியாதை என்று தோன்றியிருக்கலாம். அந்தக் கடிதத்தைப் பூனைக்குப் பக்கத்தில் மாட்டினார்களே, அதை நானும் மரியாதை என்று நினைத்துத்தான் எழுதினேன்.

புறாக்கள் பதினொன்று இருக்கின்றன. எண்ணினேன்.

ஒடெத்

*

அம்மான், 1 ஆகஸ்ட் 1998

மார்செல்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஏதுமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

மேல் மாடியைக் கழுவிவிட்டேன். இரண்டு கூலியாட்கள், நாலு நாள். மூட்டை மூட்டையாக எச்சம். கட்டிலுக்கு அடியில் செத்த குஞ்சுகள். ஒருவன் வாந்தி எடுத்தான், அதையும் அவனே கழுவினான். மேற்கு ஜன்னலுக்குப் புதுக் கதவு போட்டாயிற்று. தச்சன் வேலை மோசம். ஆனால் மூடுகிறது.

உம் ஸ்லேமான் பார்த்துவிட்டு, "யாரு வராங்க மதாம்?" என்றாள்.

"யாரும் வரேன்னு சொல்லலை" என்றேன்.

"நீங்க வரச் சொன்னீங்களா?"

"இல்லை."

"அப்ப எப்படி வருவாங்க?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

இதை எப்படி எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். "எப்போதேனும் உனக்கு எண்ணம் அமையுமானால்" என்று தொடங்கினேன். கிழித்தேன். எழுபத்தாறு வயதாகிறது, எனக்கு யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. உனக்குத் தெரியும்.

ஆகவே இப்படிச் செய்தேன். நேற்றுக் காலை ஏலக்காய் போட்டுக் காபி வைத்தேன். அம்மாவின் நீலக் கோடு போட்ட கோப்பைகளில் ஒன்றில் ஊற்றி, மேலே எடுத்துப் போய், மேற்கு ஜன்னலுக்கு அடியில் இருக்கிற மேசையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தேன். பதினாலு பேர் இல்லை. பாதிரியார் இல்லை. நான் மட்டும்தான் வந்திருக்கிறேன். நான் வந்த காரியம் இது: நீ இங்கே வந்து இரு.

நீ சரி என்று சொல்லும்வரை குடிக்க மாட்டேன். அந்தக் கோப்பையை மட்டும் இல்லை, எந்தக் காபியையும். நேற்றிலிருந்து டீ குடிக்கிறேன், பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. கோப்பையில் இன்று காலையே ஆடை படிந்துவிட்டது. இரண்டு எறும்பு மிதக்கின்றன. பார்க்கச் சகிக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

அன்று உன் அத்தான் சொல்ல வாயெடுத்த வார்த்தையை நான் சொல்லவிடவில்லை. நீ வேண்டுமானால் இதைத் தொட்டியில் ஊற்றிவிடலாம். உனக்கு அந்த உரிமை உண்டு.

ஒடெத்

*

லீட்ஸ், 12 ஆகஸ்ட் 1998

அக்கா,

நீ வந்த காரியம் முடிந்தது. குடி.

27ஆம் தேதிக்குச் சீட்டு எடுத்தாயிற்று. ஹார்ட்லி அம்மாளிடம் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னேன். "யார் கூப்பிட்டாங்க?" என்று கேட்டார். "எங்கக்கா. ஒரு வார்த்தையில கேட்டா" என்றேன். உம் ஸியாத் உனக்கு ஒரு டப்பா பிஸ்கட் தந்திருக்கிறாள், முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்.

மேலே இருக்கிற கோப்பையை மட்டும் தொடாதே. பதிமூன்று நாள் ஆன காபி, எறும்பு வேறு. அதைத் தொட்டியில் ஊற்ற நான் வருகிறேன். நீ கீழே இறங்கிப் போய், உனக்குப் புதிதாக ஒன்று வைத்துக் குடி.

மார்செல்